கைவினையும் காணாத வாடிக்கையாளரும்

பள்ளி மணியின் ஓசைக்கு எழுந்தும் அமர்ந்தும் முப்பத்தைந்து ஆண்டுகள் பழகிவிட்ட ஒருவன், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் செய்வதறியாது திண்ணையில் அமர்ந்திருப்பான். மணி பத்தாகும், உள்ளம் வகுப்பறைக்குப் போகும், உடல் மட்டும் வீட்டில் இருக்கும். அடியேனும் அவ்வாறு சில மாதங்கள் இருந்தவன்தான். நண்பர்களில் ஒருவர் தோட்டம் போட்டார். ஒருவர் கோயில் திருப்பணியில் ஈடுபட்டார். மற்றொருவர் பேரக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் உளியையும் இழைப்புளியையும் கையில் எடுத்தேன்.

மரவேலை செய்வது பொழுதுபோக்கு. செய்த பொருளை விற்பது வாணிகம். கண்ணால் காணாத ஒருவருக்கு இணையத்தின் வழியாக விற்பதோ, பொழுதுபோக்குக்கும் வாணிகத்துக்கும் மேற்பட்ட ஒரு பொறுப்பு. வடசேரிச் சந்தையில் தேங்காய் வாங்குபவர் அதைக் கையில் எடுத்து, தட்டி, காதருகே ஆட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார். இணையத்தில் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய கைக்கும் கண்ணுக்கும் பதிலாக நம்முடைய சொல்லும் படமுமே நிற்கின்றன. ஆகவே ஓய்வூதியம் பெறும் ஒருவர் இத்துறையில் இறங்கும்போது இரண்டு பேருக்குக் கடமைப்பட்டவராகிறார். ஒருவர், தொலைவிலுள்ள, முகம் அறியாத வாடிக்கையாளர். மற்றவர், அடுத்த தெருவில் அதே தொழிலால் அடுப்பெரிக்கும் தச்சர். முதற் கடமையை நான் ஓரளவு முன்பே உணர்ந்திருந்தேன். இரண்டாவதை உணரக் காலம் பிடித்தது. இரண்டைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில், அறுபதுக்கு மேல் இத்தொழிலைக் கற்க முடியுமா என்னும் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். கற்க முடியும், ஆனால் வரிசை முறை தவறக் கூடாது. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பின்லாந்து நாட்டில் ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866-இல் நாட்டுப்புறப் பள்ளிகளில் கைத்தொழில் ஒரு பாடமாயிற்று. சுவீடனில் நேஸ் என்னும் ஊரில் ஓட்டோ சாலமன் என்பவர் அதே முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல், ஒவ்வொரு படியிலும் வீட்டுக்குப் பயன்படும் ஒரு பொருளைச் செய்து முடித்தல் என்பவையே அம்முறையின் உயிர்நாடி. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் நிறுத்தியது. எனவே முதல் மாதத்திலேயே நாற்காலி செய்யப் புகுதல் வேண்டா. முதலில் ஒரு பலகையை நேராக இழைக்கப் பழகுக. மூலைமட்டம் வைத்துச் சதுரமாக அறுக்கப் பழகுக. பின்பு அகப்பை, அதன்பின் சிறு தட்டு, அதன்பின் மூடியுள்ள பெட்டி. நான் விற்பனைக்குத் தெரிந்தெடுத்த பொருள் அஞ்சறைப்பெட்டி. கடுகும் சீரகமும் வெந்தயமும் வைக்கும் அந்தப் பெட்டியை அறியாத தமிழ் வீடு இல்லையாதலால், அதன் பயனை விளக்க வேண்டிய தொல்லை எனக்கு இல்லை.

உடல் நலத்தைப் பற்றியும் ஒரு சொல். மரத்தூள் தீங்கற்றது என்று எண்ணுவது பிழை. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. எனவே உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் நல்ல கவசம் அணிய வேண்டும். வேலை காற்றோட்டமான இடத்தில் நடக்க வேண்டும். கண்ணாடியும் அவசியம். விசையால் ஓடும் வட்ட வாளைத் தனியே இருக்கும்போது இயக்குவதில்லை என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். முதியவரின் விரல் வாளைவிட மெதுவானது.

இனி, மரத்துக்கு வருவோம். குமரி மாவட்டம் மரத்துக்குக் குறைவில்லாத நாடு. பலா, அயினி, மா, தேக்கு, பூவரசு ஆகியவை வீட்டுத் தோட்டங்களிலேயே வளர்கின்றன. மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பால் வற்றிய ரப்பர் மரங்களை ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் வெட்டி மறு நடவு செய்வதால், அம்மரம் எளிதில் கிடைக்கிறது. ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை படிந்து நீலம் பாய்ந்துவிடும். துளைக்கும் வண்டுகளும் தேடி வரும். அதனால் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரை உடனே ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள். நாற்காலிக்கும் மேசைக்கும் அது நல்ல மரம். உணவுப் பொருள் படும் பெட்டிக்கு மருந்தேற்றிய மரத்தை நான் எடுப்பதில்லை, பலாவையே எடுக்கிறேன். பலா மரம் அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்பட ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். இந்த நிறமாற்றத்தை வாங்குபவருக்கு முன்பே எழுதிவிட வேண்டும். எழுதாவிடில், ஓராண்டு கழித்து அவர் நம்மை ஏமாற்றுக்காரர் என்று எண்ணினால் குற்றம் நம்முடையதே.

மரம் இறந்த பின்னும் மூச்சு விடுகிறது என்று தச்சர்கள் சொல்வதுண்டு. அறிவியல் நோக்கில் அதன் பொருள் இதுதான். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போது பருக்கும். ஈரத்தை இழக்கும்போது சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகமிகச் சிறிது, குறுக்கே மிகுதி. குறுக்கிலும், ஆண்டு வளையங்களை ஒட்டிய போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகை வளைவதும் வெடிப்பதும் இந்த வேறுபாட்டால்தான். எனவே ஓர் அங்குலக் கனமுள்ள பலகையை நிழலில், காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கி, ஏறத்தாழ ஓராண்டு உலர்த்த வேண்டும் என்பது பழைய கணக்கு. நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெறுவதால் இங்கே அவசரம் கூடவே கூடாது.

உலர்ந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பலகையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி நிறுத்துக் கொள்க. பிறகு அடுப்புப் பெட்டியில் இளஞ்சூட்டில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும் வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க. முதலில் 112 கிராம், பின்பு 100 கிராம் என்றால், இழந்த ஈரம் 12 கிராம். அதை உலர்ந்த எடையான 100-ஆல் வகுத்தால் ஈரம் நூற்றுக்குப் 12. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது.

இந்தக் கணக்கை அறிந்திருந்தும் நான் ஒரு முறை தவறினேன். என் முதற் பெட்டிகளில் ஒன்று கோடைக் காலத்தில் வடநாட்டின் வறண்ட நகரம் ஒன்றுக்குப் போயிற்று. மூன்றாம் வாரம் ஒரு படம் வந்தது. அடிப்பலகை நடுவே, நார் ஓடிய வழியே, ஒரு நேர்க்கோடாகப் பிளந்திருந்தது. வாங்கிய அம்மையார் ஒரு கடுஞ்சொல்லும் எழுதவில்லை, “இது இப்படித்தான் இருக்குமா?” என்று மட்டும் கேட்டிருந்தார். நாகர்கோவிலின் ஈரக் காற்றில் உலர்ந்த பலகை அங்கே மேலும் உலர்ந்து சுருங்கியது. நானோ அடிப்பலகையை நான்கு பக்கமும் பசையிட்டு இறுக ஒட்டிவிட்டேன். சுருங்க இடமில்லாத பலகை பிளந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பி, புதிய பெட்டி ஒன்றையும் அனுப்பினேன். அப்பெட்டியின் பக்கப் பலகைகளில் காடி எடுத்து, அடிப்பலகையைப் பசையில்லாமல் அதில் செருகி, இரு புறமும் சிறிது இடம் விட்டேன். பலகை இனித் தன் விருப்பம்போல் சுருங்கலாம், பருக்கலாம். காடியில் செருகும் இம்முறை பழந்தச்சர்கள் என்றும் கையாண்டு வருவதுதான். நான்தான் பாடத்தை அனுபவித்த பிறகு கற்றேன்.

அடுத்தது, பொருளை எழுத்தில் காட்டும் கலை. ஆசிரியராக இருந்தவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. ஆனால் அழகிய அடைமொழிகளை அடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். “கண்ணைக் கவரும் கலைப்படைப்பு” என்று எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுதுவது இவ்வாறு இருக்கும்: “பலா மரம். வெளி அளவு நீளம் 24, அகலம் 16, உயரம் 7 சென்டிமீட்டர். ஐந்து அறைகள். மூடி நழுவித் திறக்கும். மழைக்காலத்தில் மூடி சற்று இறுகும், கோடையில் தளரும். உட்புறம் எண்ணெயோ வார்னிசோ பூசப்படவில்லை. வெளிப்புறம் தேன்மெழுகு. நீரில் ஊற வைக்கலாகாது. இடப் பக்கப் பலகையில் ஒரு கண் உண்டு. மூன்றாம் படத்தில் காண்க.” இவ்வளவே. குறையைச் சொன்னால் விலை போகாது என்று அஞ்சுவோர் உண்டு. என் அனுபவம் வேறு. குறையைச் சொன்ன பிறகே, சொன்ன நிறைகளையும் மக்கள் நம்புகின்றனர்.

படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, கைபேசி போதும். காலையில் வடக்குச் சன்னலருகே, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்து எடுக்க வேண்டும். பெட்டியருகே ஓர் அளவுகோல் இருக்கட்டும். மேற்புறம், அடிப்புறம், மூலை, மூடி, குறையுள்ள இடம் என்று ஐந்தாறு படங்கள் வேண்டும். நிறத்தை மெருகூட்டும் வித்தைகள் கைபேசியில் பல உள்ளன. அவற்றைத் தொடாதிருப்பதே நேர்மை. மேலும், படத்திலுள்ள பெட்டியையே அனுப்ப வேண்டும். ஒரு பலகையைப் போல் மறு பலகை இராது.

பின்வருவது பொதி கட்டுதல். தபாலில் போகும் பொதி பல கைகள் மாறும். ஒவ்வொரு கையும் பூப்போல வைக்கும் என்று எதிர்பார்த்தல் பேதைமை. பொருளைச் சுற்றி நாற்புறமும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் கசக்கிய காகிதம் நிரப்பி, அலையட்டைப் பெட்டியில் அடைத்து, காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஓசை கேட்டால் பொதி இன்னும் முடியவில்லை. பின்பு இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். போட மனம் வரவில்லையென்றால், பொதி போதாது என்பதை நம் மனமே அறிந்திருக்கிறது என்று பொருள். அஞ்சற் கூலியிலும் ஒரு நுட்பம் உண்டு. பொதி கொண்டுசெல்லும் நிறுவனங்கள் பல, எடையை மட்டுமின்றி இடத்தையும் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். 40, 30, 20 என்னும் அளவுள்ள பெட்டிக்கு அது 4.8 கிலோ ஆகிறது. உள்ளிருக்கும் பொருள் ஒரு கிலோவே ஆயினும் 4.8 கிலோவுக்குரிய கூலி கொடுக்க நேரும். ஆகவே பொருளுக்கேற்ற பெட்டியைத் தேடுவதும் சிக்கனமே.

சட்டங்களைப் பற்றிச் சில சொற்கள். தாத்தாவாகிய எவருக்கும் முதலில் தோன்றுவது மரப்பொம்மை செய்யும் ஆசை. பேரனுக்குச் செய்து கொடுப்பதைத் தடுப்பார் இல்லை. விற்பதானால், 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை வேண்டும். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களைச் செய்ய உரிமை பெற்றவர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. சிறுவர் வாயில் வைக்கும் பொருளில் எந்தச் சாயம், எந்தக் கூர்முனை என்று பார்ப்பது நியாயமே. ஆதலால் நான் பொம்மை விற்பதில்லை.

மரத்திலும் கட்டுப்பாடு உண்டு. ஈட்டியும் சந்தனமும் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சான்றில்லாமல் தொடவே கூடாதவை. ஈட்டி மரம் சேர்ந்த பேரினம் முழுவதும் 2017 சனவரி 2 முதல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. 2019-இல் சிறு பொருள்களுக்குச் சில தளர்வுகள் வந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளரை நாடுவோர் பலா, மா போன்ற தோட்ட மரங்களோடு நின்றுகொள்வது மன அமைதி தரும். பெயரிலும் நேர்மை வேண்டும். அரும்பாவூர், தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களின் மரச் சிற்பங்களும் கர்நாடகத்துச் சென்னபட்டணத்து அரக்கு வண்ண மரப்பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. நம் வடசேரியின் கோயில் நகைக்கு அக்குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம் அல்லவா? வேறோர் ஊரார் அப்பெயரைப் போட்டு விற்றால் நமக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், மற்றவர் ஊர்ப் பெயரை நாம் எடுத்தாள மாட்டோம்.

வரியைக் கேட்டு அஞ்ச வேண்டா. பொருள் விற்போர், ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய்க்குட்பட்டால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற வேண்டியதில்லை என்பது 2019 ஏப்ரல் முதல் நம் மாநிலத்தில் உள்ள பொது விதி. ஆனால் இணைய அங்காடியின் மூலம் விற்போர் எவ்வளவு சிறியவராயினும் பதிவு பெற வேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு விற்பனையாளர், ஒரு பதிவெண் மட்டும் பெற்றுக்கொண்டு விற்கலாம் என்று தளர்த்தினார்கள். மாநில எல்லையைத் தாண்டி விற்பவர் முதலிலேயே ஒரு கணக்கரைக் கலந்துகொள்வது நலம். பணம் பெறுவதிலும் விழிப்பு வேண்டும். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணம் அனுப்புவதற்கே அது தேவை. “பணம் போடுகிறேன், இந்தக் கட்டத்தைப் படமெடுத்து இரகசிய எண்ணை இடுங்கள்” என்று ஒருவர் சொன்னால் அவர் வாடிக்கையாளர் அல்லர், கள்வர். ஏமாந்தவர்கள் நாணி மறைக்காமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இனி இரண்டாம் கடமையைச் சொல்கிறேன். தொடக்கத்தில் என் பெட்டிக்கு நான் வைத்த விலை 550 ரூபாய். பலகைக்கும் மெழுகுக்கும் அட்டைப் பெட்டிக்கும் ஆன செலவைக் கூட்டி, கொஞ்சம் மேலே வைத்தேன். ஓய்வூதியம் வருகிறது, பொழுது போகிறது, இதற்கு மேல் ஏன் என்பது என் எண்ணம். பெட்டிகள் விரைவாக விற்றன. எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் பலகை அறுக்க உதவும் எங்கள் ஊர் மூத்தாசாரியிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைவிட ஐந்து வயது இளையவர். தந்தையிடம் தொழில் கற்றவர். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: “சாரே, ஒண்ணு கேக்கட்டுமா? நேத்து ஒருத்தர் வந்து இதே பெட்டிக்கு விலை கேட்டார். ஆயிரத்து இருநூறு சொன்னேன். போனை எடுத்து உங்க பெட்டியைக் காட்டி, ‘ஐநூற்றைம்பதுக்குக் கிடைக்குதே’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். உங்களுக்குப் பென்சன் இருக்கு. எனக்கு இதுதானே இருக்கு?”

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாணவர்க்கு இலாப நட்டக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் கணக்கில் மிகப் பெரிய செலவை, அதாவது உழைப்பை, சுழியமென்று போட்டிருந்தேன். அது தியாகம் என்று நினைத்தேன். உண்மையில் என் ஓய்வூதியம் அந்த விலையைத் தாங்கியது. இழப்பு என்னைச் சேரவில்லை, அடுத்த தெருவைச் சேர்ந்தது. மறுநாள் புதிய கணக்குப் போட்டேன். பலகை 250, மெழுகும் உப்புத்தாளும் பிறவும் 60, பொதி கட்ட 70, கருவித் தேய்மானம் 40 ரூபாய். உழைப்பு ஆறு மணி நேரம். எட்டு மணி நேர நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 125, ஆறு மணிக்கு 750. ஆக மொத்தம் 1,170 ரூபாய்.

இதோடு இணைய அங்காடியின் தரகும் உண்டு. ஒவ்வோர் அங்காடிக்கும் ஒவ்வொரு வீதம். 2005-இல் அமெரிக்காவில் கைவினைப் பொருள்களுக்கென்றே தோன்றிய எட்சி என்னும் அங்காடி, பொருளைப் பட்டியலிட 20 சென்ட்டும், 2022 ஏப்ரல் முதல் விற்ற விலையில் நூற்றுக்கு 6.5-ம் எடுத்துக்கொள்வதாயிற்று. எல்லாச் செலவும் சேர நூற்றுக்குப் 10 என்று கொள்வோம். இங்கே பலரும் ஒரு பிழை செய்வர். 1,170-க்குப் பத்து விழுக்காடு 117, கூட்டினால் 1,287, அதுவே விலை என்பர். ஆனால் அங்காடி எடுப்பது விற்பனை விலையில் பத்து விழுக்காடு. 1,287-இல் 128 ரூபாய் 70 காசு போனால் கையில் நிற்பது 1,158 ரூபாய் 30 காசுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் 11 ரூபாய் 70 காசு நட்டம். சரியான முறை, 1,170-ஐ 0.9-ஆல் வகுப்பது. விலை 1,300 ரூபாய்.

விலையை 1,300 ஆக்கினேன். விற்பனை உடனே தளர்ந்தது. முன்பு மாதம் ஆறு போன இடத்தில் இரண்டே போயின. எனக்கு இழப்பொன்றும் இல்லை. இரண்டு பெட்டி செய்யும் மாதத்தில் கண்ணும் முதுகும் நோகாமல் இருந்தன. ஆயினும் மூத்தாசாரியின் கேள்விக்கு அது பாதி விடையே. என் விலை ஏறியதால் அவருடைய பெட்டி தானாக விற்றுவிடாது. அவர் கை தேர்ந்தது. ஆனால் தம் பொருளைப் படமெடுத்து, அளவெழுதி, நான்கு பேருக்குத் தெரியச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. எனக்கோ அந்தப் பழக்கம் உண்டு. கைதான் இன்னும் மாணவனின் கை. அப்போதுதான் ஓய்வு பெற்ற ஆசிரியன் செய்யத்தக்க வேலை எதுவென்று எனக்குத் தெளிவாயிற்று.

இப்போது அவருடைய பெட்டிகள் அவருடைய பெயரிலேயே இணையத்தில் இருக்கின்றன. கணக்கும் வங்கியும் அவருடையவை. விவரம் எழுதுவதும், வரும் கேள்விகளுக்கு விடை எழுதுவதும் என் வேலை. படமெடுக்க அவர் மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இன்று அப்பெண் என்னைவிட நன்றாக எடுக்கிறாள். இதற்காக நான் கேட்டுப் பெற்ற கூலி, காடி எடுக்கும் நுணுக்கத்தை வாரம் ஒரு நாள் அவரிடம் கற்றுக்கொள்வது. அவருடைய பெட்டியை நான் வாங்கி என் பெயரில் விற்றிருக்கலாம். அவ்வாறு செய்வோரும் உளர். ஆனால் “கையால் செய்தது” என்று எழுதும்போது யாருடைய கை என்பதையும் சொல்வதுதான் முழு உண்மை.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள், பூமுகத்தின் மரக் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அங்கே செதுக்கப்பட்ட மலர்கள் தொண்ணூறு வகை என்பர். தாய்க் கொட்டாரத்தில் பலா மரத் தூண் ஒன்று பூ வேலைப்பாடுகளோடு நிற்கிறது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் கேரள அரசு அவ்வரண்மனையைப் பாதுகாத்து வருகிறது. நாள்தோறும் வருவோர் மார்த்தாண்டவர்மரின் பெயரை அறிந்து திரும்புகின்றனர். உளி பிடித்தவரின் பெயரை அறிந்து திரும்புவாரில்லை. அந்தக் காலத்தில் அது வழக்கமாக இருந்திருக்கலாம். இன்று ஒரு பெட்டியின் படத்துக்குக் கீழே செய்தவரின் பெயரை எழுத ஒரு வரி போதும், செலவும் இல்லை.

ஓய்வு பெற்ற நண்பர்களே, மரவேலை செய்யுங்கள். மனத்துக்கும் கைக்கும் அது நல்லது. விற்கவும் செய்யுங்கள், ஆனால் விலை எழுதும் முன், உங்கள் ஊரில் அதே பொருளைச் செய்து பிழைப்பவர் யார் என்று ஒரு முறை விசாரியுங்கள். அவருடைய பட்டறைக்குச் சென்று அவர் என்ன விலை சொல்கிறார் என்று கேளுங்கள். அந்த விலைக்குக் கீழே போகாதீர்கள். சென்ற வாரம் மூத்தாசாரியின் பெட்டி ஒன்று கோயம்புத்தூருக்குப் போயிற்று. அது பத்திரமாய்ச் சேர்ந்தது என்ற செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் இழைப்பதை நிறுத்தாமலே, “அடி வெடிக்கலையே சாரே?” என்று கேட்டார். வெடிக்கவில்லை என்றேன்.